பதிமூன்று பேய்கள், ஒரு கண்ணாடி வீடு: 'தேர்ட்டீன் கோஸ்ட்ஸ்' படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படம் இது?

ஸ்டீவ் பெக் இயக்கத்தில் 2001 அக்டோபர் 26 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ஆங்கிலப் பேய்ப்படம். சுவரொட்டியில் பெயரின் நடுவே 13 என்ற எண்ணையே எழுத்துபோலச் செருகியிருப்பார்கள். இதே பெயரில் 1960-இல் வில்லியம் காசில் எடுத்த படத்தின் மறு ஆக்கம். ஓடும் நேரம் 91 நிமிடம். கீழே வெறுமனே 'படம்' என்று வந்தால் அது 2001-இல் வந்தது. பழைய படத்துக்கு ஆண்டைச் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

பார்க்கலாமா, வேண்டாமா?

பார்க்கலாம். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். திரைக்கதை மெலிந்தது, வசனம் சுமார், கடைசி இருபது நிமிடம் குழப்பம். ஆனால் வீட்டுக்காகவே பார்க்கத் தகுந்த பேய் வீட்டுப் படங்கள் சில உண்டு. அவற்றில் இதற்கு முன்வரிசை இடம் கொடுப்பேன். பேய்களின் ஒப்பனையும் அதே தரம். இந்த இரண்டும் இவ்வளவு நன்றாக அமைந்த ஒரு படம் மற்ற எல்லாவற்றிலும் ஏன் இப்படி அவசரப்பட்டது என்ற ஆதங்கம் எனக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வரும். இந்தப் பக்கத்தை எழுதுவதும் அந்த ஆதங்கத்தில்தான்.

கதையை முடிவு சொல்லாமல் சொல்ல முடியுமா?

ஆர்தர் கிரிட்டிகோஸ் ஒரு கணித ஆசிரியர். வீடு தீப்பற்றியதில் மனைவி ஜீன் இறந்துவிட்டாள். கடன் ஒரு பக்கம், நெருக்கடியான வாடகை வீடு ஒரு பக்கம். மகள் கேத்தி, சிறுவன் பாபி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேகி ஆகியோருடன் நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் ஒரு வக்கீல் வருகிறார். அதிகம் பழக்கமில்லாத பணக்காரச் சித்தப்பா சைரஸ் இறந்துவிட்டார், தன் வீட்டை உங்களுக்கு எழுதி வைத்திருக்கிறார் என்கிறார். குடும்பமே வீட்டைப் பார்க்கக் கிளம்புகிறது.

சைரஸ் பேய் பிடிப்பவர் என்பது நமக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். பன்னிரண்டு பேய்களைப் பிடித்து வீட்டின் அடித்தளத்தில் கண்ணாடி அறைகளில் அடைத்து வைத்திருக்கிறார். குடும்பம் உள்ளே போனதும் கதவுகள் மூடிக்கொள்கின்றன. ஒவ்வொரு அறையாகத் திறக்கத் தொடங்குகிறது. வெளியே போக வழி தேடுவதுதான் மீதிக் கதை.

தீ விபத்தைக் காட்டும் விதத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வீட்டின் கூடத்தில் கேமரா மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. குடும்பத்தின் சிரிப்பும் பேச்சும் கேட்கின்றன. சுற்றிக்கொண்டே இருக்கும்போது குரல்கள் மாறுகின்றன, அலறல் வருகிறது, சுவர்கள் கருகிப்போகின்றன. சுற்று முடியும்போது தாய் இல்லாத குடும்பம். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. இந்த நிதானம் படம் முழுக்க இருந்திருந்தால் இன்று இதைப் பற்றி வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

எல்லாரும் அந்த வீட்டைப் பற்றியே பேசுகிறார்களே, அப்படி என்ன அதில்?

பேய் வீடு என்றாலே இருட்டு, ஒட்டடை, முனகும் படிக்கட்டு, பூட்டிய அறை. பயம் என்பது சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாததில்தான் இருக்கிறது. இந்தப் படம் சுவரையே கண்ணாடியாக்கிவிட்டது. தரை, கூரை, கதவு எல்லாம் கண்ணாடி. மூன்று அறை தாண்டி நிற்பவரும் கண்ணுக்குத் தெரிவார். ஆனால் அவரிடம் போய்ச் சேர வழி இருக்காது. எல்லாம் தெரிந்தும் தப்ப முடியாத இடம். அதுவரை பார்த்த பேய் வீடுகளின் கணக்கை அப்படியே திருப்பிப் போட்ட யோசனை இது.

கண்ணாடிச் சுவர்கள் முழுக்க லத்தீன் மொழியில் மந்திரங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பேய்கள் அவற்றைத் தாண்ட முடியாது என்பது கதையின் விதி. அதனால் உடைந்து கிடக்கும் ஒரு கண்ணாடிப் பலகைகூட உயிர் காக்கும் கேடயமாகிறது. விதியை ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு அதைக் காட்சிகளில் ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பல பெரிய படங்கள் கோட்டைவிடும் இடம் அது.

வீடு சும்மாவும் நிற்பதில்லை. சுவர்கள் நகர்கின்றன, தாழ்வாரங்கள் இடம் மாறுகின்றன, நடுவில் பித்தளையும் எஃகும் கலந்த பல்சக்கரங்களும் வளையங்களும் சுழல்கின்றன. பெரிய கடிகாரத்துக்குள் புகுந்துவிட்டதுபோல இருக்கும். உண்மையில் அது வீடே இல்லை, ஓர் இயந்திரம் என்று பாதியில் தெரியவருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பாசிலியஸ் என்ற சோதிடன் சாத்தான் பீடித்த நிலையில் எழுதியதாகக் கதை சொல்லும் 'ஆர்க்கேனம்' என்ற நூலில் இருக்கும் வரைபடம்தான் அதற்கு மூலம். பேய்கள்தான் எரிபொருள்.

வடிவமைப்பு ஷான் ஹார்க்ரீவ்ஸ் என்பவருடையது. கனடாவின் வான்கூவரில் படப்பிடிப்பு நடந்தது. நடிகர்கள் நடமாடும் பகுதிகளைக் கணினியில் வரையாமல் அரங்கமாகவே கட்டினார்கள். நடிகர் சுவரில் கையை ஊன்றும்போது அங்கே உண்மையிலேயே ஒன்று இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் படம் பழசாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

மூக்குக்கண்ணாடி போட்டால்தான் பேய் தெரியும் என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

1960 படத்திலிருந்து. அதன் வரலாறு படத்தைவிடச் சுவையானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வில்லியம் காசில் சின்னச் செலவில் பேய்ப்படம் எடுத்தவர். பெரிய நிறுவனங்களோடு போட்டி போடப் பணம் இல்லாததால், படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் ஒரு வித்தையையும் காட்டுவார். 1958-இல் வந்த படத்துக்கு, பயத்தில் யாராவது இறந்துபோனால் ஆயிரம் டாலர் என்று லாயிட்ஸ் நிறுவனத்தின் காப்பீட்டுப் பத்திரம் கொடுத்தார். 1959-இல் ஒரு படத்துக்குப் பார்வையாளர் தலைக்கு மேலே எலும்புக்கூட்டைக் கம்பியில் பறக்கவிட்டார். அதே ஆண்டு இன்னொன்றுக்குச் சில இருக்கைகளின் அடியில் அதிரும் மோட்டாரைப் பொருத்தினார்.

1960 படத்துக்கு அவர் வைத்த வித்தையின் பெயர் 'இல்யூஷன்-ஓ'. நுழையும்போது ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அதில் சிவப்பு, நீலம் என இரண்டு நிறத் தாள்கள். படம் கறுப்பு வெள்ளைதான். பேய் வரும் காட்சிகளில் மட்டும் திரை நீலமாகும், பேய் சிவப்பில் தெரியும். சிவப்புத் தாள் வழியே பார்த்தால் பேய் அழுத்தமாகத் தெரியும், நீலத்தாள் வழியே பார்த்தால் மறைந்துபோகும். துணிச்சல் உள்ளவர் சிவப்பில் பாருங்கள், பயந்தவர் நீலத்தில் பாருங்கள் என்று காசிலே படத்தின் தொடக்கத்தில் தோன்றி விளக்குவார்.

பழைய படத்தின் கதாபாத்திரங்களும் பேயைப் பார்க்கச் சிறப்புக் கண்ணாடி மாட்டுவார்கள். 2001 படம் பார்வையாளர் கையிலிருந்த அட்டையை விட்டுவிட்டு, கதாபாத்திரத்தின் மூக்கிலிருந்த கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டது. சிறப்பு மூக்குக்கண்ணாடி போட்டவருக்கே பேய் தெரியும். போடாதவரையும் பேய் தாக்கும், ஆனால் எங்கிருந்து என்று அவருக்குத் தெரியாது. என் கணக்கில் மறு ஆக்கம் செய்த ஆகச் சிறந்த காரியம் இதுதான்.

இதன் பலம் முழுமையாகத் தெரிவது குளியலறைக் காட்சியில். கேத்தி புது வீட்டின் அழகான குளியலறையைச் சுற்றிப் பார்க்கிறாள். அவள் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று சுத்தமாக இருக்கிறது. நமக்கு மட்டும் நடுநடுவே மறுபக்கம் தெரிகிறது. தொட்டி நிறைய ரத்தம், அதில் ஒரு பெண், பிறகு அவள் எழுந்து கேத்தியின் பின்னால் நிற்கிறாள். கேத்தி எதையும் பார்க்காமல் முகம் கழுவுகிறாள். அலறல் இல்லை, துரத்தல் இல்லை. படத்தின் மிகப் பயமான காட்சி என்று இதைத்தான் சொல்வேன்.

பேய்கள் யார் யார்?

'கறுப்பு ராசி மண்டலம்' என்று ஒன்றைக் கற்பனை செய்து, அதற்குப் பன்னிரண்டு இடங்களை வகுத்திருக்கிறார்கள். வரிசைப்படி: முதற்பிள்ளை, முண்டம், கட்டுண்ட பெண், வாடிய காதலி, கிழிந்த இளவரசன், சினந்த இளவரசி, யாத்திரைக்காரி, பெருங்குழந்தை, கொடுந்தாய், சுத்தியல், குள்ளநரி, ஜகர்நாட். பதிமூன்றாவதற்கு 'உடைந்த இதயம்' என்று பெயர்.

எல்லாரைப் பற்றியும் சம அளவில் சொல்ல வேண்டியதில்லை. முதற்பிள்ளை, நெற்றியில் அம்பு துளைத்த சிறுவன். கிழிந்த இளவரசன், 1950-களில் கார்ப் பந்தயத்தில் செத்த பேஸ்பால் ஆட்டக்காரன். பெருங்குழந்தையும் கொடுந்தாயும் மகனும் தாயுமாக எப்போதும் சேர்ந்தே இருப்பார்கள்.

மனசில் நிற்பவை நான்கு. குள்ளநரியின் தலையைச் சுற்றி ஒரு கம்பிக்கூண்டு, உடலில் கிழிந்த மனநோய் விடுதிச் சட்டை. அது நடக்கும் விதம், திடீரென்று பாயும் விதம் எல்லாம் மிருகம். ஜகர்நாட் ஏழடி உயரக் கொலைகாரன். முதல் காட்சியில் பழைய கார்களைப் போட்டு வைக்கும் இடத்தில் ரத்தத்தைப் பீய்ச்சி ஆசை காட்டி அவனைப் பிடிப்பார்கள். சுத்தியல், உடம்பெங்கும் ரயில் ஆணிகள் அறையப்பட்ட கொல்லன். ஒரு கைக்குப் பதில் சம்மட்டி. ஊரார் அநியாயமாகக் கொன்ற மனிதன் அவன். சினந்த இளவரசி, அழகாக இருந்தும் தன் அழகில் நிறைவு காணாமல் தன் உடலைத் தானே சிதைத்துக்கொண்டவள். அந்தக் குளியல் தொட்டிப் பெண் இவள்தான்.

ஒப்பனை கே.என்.பி. நிறுவனத்தின் வேலை. ஹோவர்ட் பெர்கர், கிரெக் நிகோடெரோ இருவரும் அங்கே உள்ளவர்கள். ஒவ்வொரு பேயும் எப்படிச் செத்தது என்பதை உடலைப் பார்த்தே ஊகித்துவிடலாம்.

அந்த முன்கதைகள் படத்தில் வரவே இல்லையே?

வராது. சுத்தியலின் கதையும் இளவரசியின் கதையும் மற்றவர்களுடையதும் டிவிடியில் 'கோஸ்ட் ஃபைல்ஸ்' என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. சைரஸாக நடித்த எஃப். முர்ரே ஆபிரகாம் அதே பாத்திரமாக நின்று ஒவ்வொரு பேயைப் பற்றியும் சொல்வார். ரசிகர்கள் பேய்களைப் பெயர் சொல்லி நினைவு வைத்திருப்பது பெரும்பாலும் அதனால்தான்.

என் பெரிய குறையும் இதுவே. பன்னிரண்டு மனிதர்களின் வாழ்வையும் சாவையும் யோசித்து எழுதியிருக்கிறார்கள். அதைத் திரையில் சொல்லாமல் இணைப்பில் தள்ளிவிட்டார்கள். நமக்குக் கதை தெரிந்த பேய் ஒன்று வருவதற்கும் யாரென்றே தெரியாத உருவம் ஒன்று பாய்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! சுத்தியலுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தால் அவன் அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் பயத்தோடு ஒரு பரிதாபமும் சேர்ந்திருக்கும்.

வக்கீல் சாகும் காட்சி ஏன் இவ்வளவு பிரபலம்?

பேராசை பிடித்த வக்கீல் அடித்தளத்தில் தனக்கு வைத்திருந்த பணப்பையை எடுக்கிறார். அந்த எடை நகர்ந்ததும் இயந்திரம் முடுக்கப்படுகிறது. சற்று நேரத்தில் இரண்டு கண்ணாடிக் கதவுகள் மூட, நடுவில் நின்றவர் நெடுக்குவாட்டில் இரண்டாகிறார். முன்பாதி வழுக்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. நொடி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, பிறகு நடப்பதுதான் அதிர்ச்சி. கண்ணாடி வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய சாவு அது. அதனால்தான் நினைவில் நிற்கிறது.

நடிப்பு எப்படி?

மேத்யூ லில்லார்ட் படத்தைத் தோளில் தூக்குகிறார். பேய்களைத் தொடாமலே உணரக்கூடிய, அதனாலேயே தலைவலியில் துடிக்கும் டென்னிஸ் பாத்திரம். கத்துகிறார், புலம்புகிறார், கூத்தடிக்கிறார். முதலில் மிகையாகத் தோன்றும். ஆனால் அத்தனைக்கும் அடியில் குற்ற உணர்வு இருப்பது போகப்போகத் தெரியும். அந்தப் பேய்களைப் பிடிக்க உதவியவன் அவன்தானே.

ஆர்தராக டோனி ஷலூப். அடுத்த ஆண்டே 'மங்க்' தொலைக்காட்சித் தொடரால் பெரும் புகழ் பெற்றவர். மனைவியை இழந்தவரின் சோர்வை முகத்திலேயே வைத்திருக்கிறார். திரைக்கதை அவருக்கு ஓடுவதற்கும் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவதற்கும் மேல் அதிகம் தரவில்லை. 'அமேதியஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய முர்ரே ஆபிரகாம் சில காட்சிகளே வருகிறார், வரும் வரை கம்பீரம். மேகியாக ராப் பாடகி ரா டிகா. அந்தப் பாத்திரத்தின் சிரிப்பு வசனங்கள் பதற்றம் ஏறும் நேரத்தில் குறுக்கே விழுகின்றன. அது அவர் குறை இல்லை, எழுத்தின் குறை. கேத்தியாக வரும் ஷானன் எலிசபெத்துக்குக் குளியலறைக் காட்சிக்குப் பிறகு வேலையே இல்லை. பாதியில் காணாமல் போய்விடுகிறார்.

அப்படியானால் படம் எங்கே சறுக்குகிறது?

ஒலியிலும் வெட்டிலும். பேய் வரும் ஒவ்வொரு முறையும் படச்சட்டம் துடிக்கிறது, ஒளி மின்னி மின்னி அணைகிறது, காது கிழியும் ஓசை எழுகிறது. அத்தனை உழைத்துச் செய்த ஒப்பனையை ஒரு முழு நொடி நிதானமாகப் பார்க்க விடுவதில்லை. விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டும் படத்தின் தோற்றத்தைப் பாராட்டிவிட்டு, திரைக்கதையையும் இரைச்சலையும் கடுமையாகச் சாடினார். நான் அவரோடு உடன்படுகிறேன்.

ஸ்டீவ் பெக் ஐ.எல்.எம். நிறுவனத்தில் காட்சி விளைவுகளின் கலை இயக்குநராக இருந்து வந்தவர். இது அவருடைய முதல் முழுநீளப் படம். சட்டகத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதை எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்பதில்தான் பிசகியது.

முடிவு புரியவில்லை. பதிமூன்றாவது பேய் யார்?

படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

சைரஸ் சாகவில்லை. செத்ததுபோல் நடித்திருக்கிறார். பேய்களை விடுவிக்க வந்தவளாகக் காட்டிக்கொண்ட கலீனா அவருடைய கூட்டாளி. இயந்திரம் முழுமையாக இயங்கினால் 'நரகத்தின் கண்' திறக்கும், திறந்தவருக்கு முக்காலமும் தெரியும். அதற்குப் பன்னிரண்டு பேய்கள் போதாது. அன்பினால் தானாக உயிரைக் கொடுக்கும் ஒருவர் பதிமூன்றாவதாக வேண்டும். பிள்ளைகளைச் சுழலும் வளையங்களுக்கு நடுவில் நிறுத்தினால் ஆர்தர் குதித்தே தீருவார் என்பது சைரஸின் திட்டம். ஆர்தரின் மனைவி ஜீனையே நான்காவது பேயாக, 'வாடிய காதலி'யாகப் பிடித்து வைத்திருப்பதும் அந்தக் குடும்பத்தை மனதில் வைத்துத்தான்.

மேகி இயந்திரத்தைக் குலைத்துவிடுகிறாள். கட்டுப்பாடு இழந்ததும் பேய்கள் சைரஸையே தூக்கி வளையங்களுக்குள் வீசுகின்றன. ஆர்தர் குதித்துப் பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறார், உயிரோடும் இருக்கிறார். ஆகவே 'உடைந்த இதயம்' என்ற பதிமூன்றாவது பேய் உருவாகவே இல்லை. டென்னிஸையோ சைரஸையோ அந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. படம் சொல்லும் விதிப்படி இருவரும் பொருந்த மாட்டார்கள் என்பது என் கருத்து. ஆர்தரைக் காப்பாற்றத்தான் டென்னிஸ் சாகிறான் என்றாலும், அவன் சாவு அந்த வளையங்களுக்குள் நடக்கவில்லை.

வசூல்?

செலவு சுமார் 4.2 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் சுமார் 6.8 கோடி. திரையரங்குகளின் பங்கு போக மிஞ்சுவதைப் பார்த்தால் பெரிய வெற்றி இல்லை. டிவிடியும் தொலைக்காட்சியும்தான் இதற்கு நிலையான ரசிகர்களைச் சேர்த்துக் கொடுத்தன.

1960 படத்தையும் பார்க்க வேண்டுமா? எதை முதலில்?

முதலில் 2001, பிறகு 1960. பழையதில் கண்ணாடி வீடு கிடையாது, இயந்திரம் கிடையாது. பேய் வீட்டைப் பரம்பரைச் சொத்தாகப் பெறும் ஏழைக் குடும்பம், வீட்டுக்குள் எங்கோ மறைந்திருக்கும் பணம், அதன்மேல் கண் வைத்த ஒருவர் என எளிய கதை. பயத்தைவிடக் கலகலப்பு அதிகம், சிறுவர்களும் பார்க்கலாம். வீட்டு வேலைக்காரியாக வருபவர் மார்கரெட் ஹாமில்டன். 1939-இல் 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் சூனியக்காரியாக வந்தவர். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் வரும் காட்சிகள் கூடுதலாக இனிக்கும். வண்ணக் காட்சிகள் உள்ள பதிப்பாகத் தேடுங்கள். முழுவதும் கறுப்பு வெள்ளையாக உள்ள பதிப்பில் இல்யூஷன்-ஓ இருக்காது.

2001 படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவிலேயே 'ஆர்' சான்றிதழ், அதாவது பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். ரத்தம், உடல் சிதைவு, நிர்வாணம் எல்லாம் உண்டு. ஒளி மின்னும் காட்சிகள் மிக அதிகம் என்பதால் வலிப்பு நோய் உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது.

எப்படிப் பார்த்தால் நன்றாக இருக்கும்?

பெரிய திரையில், ஒலியை வழக்கத்தைவிடக் குறைத்து வைத்துப் பாருங்கள். வசனம் கேட்காமல் போகும் என்று பயம் இருந்தால் துணைத்தலைப்பு போட்டுக்கொள்ளுங்கள். டிவிடி கிடைத்தால் 'கோஸ்ட் ஃபைல்ஸ்' பகுதியை முதலில் பார்த்துவிட்டுப் படத்துக்கு வாருங்கள். முடிவு கெடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறையாகத் திறக்கும்போது உள்ளே இருப்பவரின் பெயரும் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.